அண்ணாச்சி ஏன் அங்கணத்துக்குப் போகிறார்?

கேள்வி: வீரவநல்லூர் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரருக்கு 74 வயது, எனக்கு 67. தறி நெய்தவர். மறதிநோய் என்று 3 வருடத்துக்கு முன்னால் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சாப்பாடு, நடை எல்லாம் இன்னும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மாதமாகப் பாத்ரூம் விஷயம் பெரும்பாடாகிவிட்டது. அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் ஒண்ணுக்குப் போய்விடுகிறார். கட்டியிருக்கிற சாரத்தை (லுங்கியை) நனைத்துவிட்டால் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கிறார். குளிக்கக் கூப்பிட்டால் 'குளிச்சாச்சு' என்கிறார். நான் துணியை அவிழ்க்கப் போனால் கையை ஓங்குகிறார். கல்யாணமாகி 45 வருடத்தில் ஒரு நாள்கூட என்மேல் கை வைத்தவர் இல்லை. மகன் டயப்பர் போட்டுவிடு என்கிறான். மருமகள் முகம் சுளிக்கிறாள். எனக்கே சில நேரம் அருவருப்பாக இருக்கிறது. தாலி கட்டியவரிடம் அப்படித் தோன்றுவது பாவமில்லையா?
(வாசகி, பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

பதில்:

அன்புள்ள அக்கா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாவமில்லை. மலத்தையும் மூத்திரத்தையும் கண்டால் குமட்டுவது உடம்பின் இயல்பு. இதையே வேலையாகச் செய்கிற செவிலியர்களுக்கும் அது முழுதாகப் போவதில்லை. நாங்கள் கையுறை போடுகிறோம், மாஸ்க் கட்டுகிறோம். நீங்களும் செய்யுங்கள். கையுறை போட்டால் கட்டினவரை அசிங்கமாக நினைப்பதாக ஆகிவிடுமோ என்று பயந்து, வெறுங்கையால் எல்லாவற்றையும் அள்ளுகிற மனைவிமாரை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். வேண்டாம் அக்கா. மருந்துக்கடையில் ஒரு டப்பா வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அருவருப்பு குறைந்தால் அவசரம் குறையும், உங்கள் கை மெதுவாகும். அது அவருக்குத் தெரியும்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருக்கிறது என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தப் பிரச்சினை வரத்தான் செய்யும். சர்க்கரை, பிரஷர் என்றால் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகூடப் பேசுவோம். இதை மட்டும் வாயைத் திறந்து சொல்வதில்லை. அதனால்தான் நமக்கு மட்டும் வந்துவிட்டது போலத் தோன்றுகிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது 'ஒரு மாதமாக' என்று எழுதியிருப்பது. மறதிநோய் மெதுவாக நகர்கிற நோய். 3 வருடமாக ஒழுங்காகப் போய்வந்தவர் ஒரே மாதத்தில் இப்படி ஆகிறார் என்றால், எல்லாவற்றையும் மறதியின் தலையில் போட்டுவிடக் கூடாது. சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கலாம். இந்த வயதில் அது எரிச்சல், காய்ச்சல் என்று காட்டாமல் வெறும் குழப்பமாகவும் கோபமாகவும் காட்டுவது உண்டு. ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் சகஜம். மூத்திரம் முழுதாக வெளியேறாமல் தங்கி, சொட்டுச் சொட்டாகச் சாரத்தை நனைக்கும். மலச்சிக்கல் இருந்தாலும் குடலில் இறுகிய மலம் மூத்திரப்பையை அழுத்தும். சர்க்கரை ஏறியிருந்தால் அடிக்கடி போகும். பிரஷருக்குக் கொடுக்கிற நீர் மாத்திரையும் அப்படித்தான். மறதிக்கென்று கொடுக்கிற மாத்திரைகளிலேயே சில, சிலருக்கு வயிற்றுப்போக்கையும் மூத்திர அவசரத்தையும் உண்டாக்கும்.

ஆகவே இந்த வாரமே மூத்திரப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அவர் சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். கடையில் கேட்டு எதையும் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். மூத்திரத்தை அடக்குவதற்கென்று விற்கிற சில மாத்திரைகளும், சளிக்கும் அரிப்புக்கும் சாதாரணமாக வாங்குகிற சில மாத்திரைகளும் மறதிக்காரர்களின் குழப்பத்தைக் கூட்டிவிடும்.

சரி, பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 'கட்டுப்பாடு போய்விட்டது' என்று முடிவுகட்டாதீர்கள். ஒண்ணுக்குப் போவது நமக்கு ஒரே வேலையாகத் தெரிகிறது, ஆனால் உள்ளே பல வேலை இருக்கிறது. முட்டுகிறது என்று தெரிய வேண்டும். கொஞ்ச நேரம் அடக்க வேண்டும். இடம் எங்கே என்று ஞாபகம் வர வேண்டும். நடந்து போக வேண்டும், கண்டால் இதுதான் என்று தெரிய வேண்டும், சாரத்தைத் தூக்க வேண்டும், குறி பார்த்துப் போக வேண்டும், கழுவ வேண்டும். தறியில் ஓர் இழை அறுந்தால் அண்ணாச்சி பாவு நூல் முழுவதையும் வெட்டி எறிந்திருக்க மாட்டார். எந்த இழை என்று தேடி அதை மட்டும் முடிந்திருப்பார். நீங்களும் அப்படித்தான் தேட வேண்டும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், முட்டுவது அவருக்குத் தெரிகிறது. எழுந்து போகிறார். ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். சாரத்தைத் தூக்குகிறார். கண்டுபிடிக்கிற இடம் மட்டும்தான் தப்பு. அங்கணத்தை அவர் கண்ணால் பாருங்கள்: தாழ்ந்த சிமெண்டுத் தரை, ஈரம், மூலையில் தண்ணீர் போகிற ஓட்டை, அதற்கு அந்தப் பக்கம் வாறுகால். ஒண்ணுக்குப் போகிற இடத்துக்கு அவர் சின்ன வயதிலிருந்து அறிந்த அடையாளம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. நம் பழைய வீடுகளில் கக்கூஸ் புறவாசலில், பின்னால் கட்டியதாக இருக்கும். கதவு சாத்தியிருக்கும். உள்ளே வெள்ளை டைல்ஸ் மேல் வெள்ளைப் பீங்கான். மூளை தளர்ந்தவர்களுக்கு வெள்ளையில் வெள்ளை பிரிந்து தெரியாது.

அதனால் இரண்டு வேலை. அங்கணத்தை மறையுங்கள். பாத்திரம் கழுவாத நேரத்தில் ஒரு பலகையைப் போட்டு மூடி, மேலே நாலு பாத்திரத்தைக் கவிழ்த்து வையுங்கள். ஓட்டை கண்ணில் படக் கூடாது. அதே போலக் குப்பைக் கூடை, பூந்தொட்டி, மூலையில் வைத்த வாளி இதெல்லாம் கண்ணில் பட்டால் அங்கேயும் போவார்கள். அப்புறம் கக்கூஸைக் காட்டுங்கள். கதவை எப்போதும் திறந்தே வையுங்கள். கதவுக்கு வீட்டில் வேறு எங்கும் இல்லாத ஒரு நிறத்தில் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். இரவெல்லாம் உள்ளே விளக்கு எரியட்டும். கட்டிலிலிருந்து அங்கே போகிற வழியிலும் ஒரு சின்ன விளக்கு. வாசலில் கறுப்பு மிதியடி கிடந்தால் எடுத்துவிடுங்கள், பள்ளம் என்று நினைத்து மிதிக்க மாட்டேன் என்பார்கள்.

குந்தி உட்காருகிற கக்கூஸ் என்றால் அதன் மேல் வைக்கிற ஸ்டூல் இருக்கிறது. சர்ஜிகல் கடையில் கேளுங்கள், பாளையங்கோட்டையில் தாராளமாகக் கிடைக்கும். வெள்ளையாக இல்லாமல் நீலமோ பச்சையோ வாங்குங்கள். சுவரில் ஒரு கைப்பிடியும் வைக்க வேண்டும். துண்டு போடுகிற கம்பியைப் பிடித்து எழுந்து, கம்பியோடு விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. கொத்தனாரைக் கூப்பிட்டு நல்ல எஃகுக் கைப்பிடியாகப் பதிக்கச் சொல்லுங்கள்.

நேரம் பார்த்துக் கூட்டிப்போவது அடுத்தது. காலையில் எழுந்ததும், சாப்பாட்டுக்குப் பிறகு, வெளியே கிளம்பும் முன், படுக்கும் முன். இடையில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை. 'ஒண்ணுக்கு வருதா?' என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். 'என்னங்க, இப்படி வாங்க' என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்துங்கள். போனதும் 'பாத்ரூம்' என்று சொல்வதைவிட, 'ஒண்ணுக்கு', 'வெளிக்கிருக்க' என்று அவர் வாயில் பழகின சொல்லைச் சொல்லுங்கள். காலைச் சாப்பாடு ஆனதும் குடல் தானாக அசையும். சாப்பிட்டு அரை மணிக்குள் உட்கார வைத்தால் மலம் கழிவதும் அனேகமாக ஒழுங்குக்கு வந்துவிடும். சில நாள் ஒரு நோட்டில் அவர் போகிற நேரத்தை எழுதிப் பாருங்கள். அவருக்கென்று ஒரு கணக்கு இருப்பது தெரியும். சாரத்தின் முனையைப் பிடித்து இழுப்பது, உட்கார்ந்தவர் எழுந்து எழுந்து நடப்பது, சுவரைப் பார்த்து நிற்பது, இதெல்லாம் அவர் சொல்ல முடியாமல் சொல்வது.

சாரம் நல்ல உடுப்புதான், மாற்றாதீர்கள். பட்டனும் ஜிப்பும் இருக்கிற பேண்ட்டைப் போட்டால்தான் கஷ்டம். முடிச்சு அவிழ்ந்து தடுக்குகிறது என்றால் ஒட்டிக்கொள்ளும் வேட்டி வாங்குங்கள்.

நனைக்கிறாரே என்று தண்ணீரைக் குறைக்கிற வீடுகள் நிறைய. நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் அது ஆபத்து. தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கெட்டிப்பட்டு மூத்திரப்பை இன்னும் எரிச்சலாகும், தொற்று வரும், மலம் இறுகும், குழப்பம் கூடும். இதய நோய்க்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் அளவு சொல்லியிருந்தால் ஒழிய, பகலில் ஒன்றரை லிட்டராவது உள்ளே போகட்டும். சாயங்காலத்துக்கு மேல் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். ராத்திரிக் காப்பி வேண்டாம். இரவுக்குக் கட்டில் பக்கத்திலேயே ஆண்களுக்கான பிளாஸ்டிக் மூத்திரக் குப்பியை வைத்துக்கொண்டால் புறவாசல் வரை போக வேண்டியதில்லை. மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட்டும் அதன் மேல் பழைய பருத்தி வேட்டியும் விரியுங்கள்.

இனி அந்த ஒளித்து வைக்கிற சாரம். வீட்டில் இருப்பவர்களுக்கு அது திருட்டுத்தனமாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. வெட்கம் இருப்பவர்தான் ஒளித்து வைப்பார். ஞாபகம் போயிருக்கிறது, மானம் அப்படியே இருக்கிறது. சாரத்தை எடுத்து வந்து அவர் முன்னால் காட்டிக் கேள்வி கேட்காதீர்கள். மருமகள் முன்னால் பேசவே பேசாதீர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மூடி போட்ட வாளி வையுங்கள், ஈரத் துணியைப் போட ஓர் இடம் கிடைத்துவிடும். நனைந்திருப்பதைக் கண்டால் 'தண்ணி கொட்டிருச்சு போல, மாத்திக்கிடுவோம்' என்று சொல்லி மாற்றிவிடுங்கள். இந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை.

கையை ஓங்குவதும் இதே மானத்தால்தான். நீங்கள் யார் என்பது அந்த நிமிஷத்தில் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். யாரோ ஒருத்தி வந்து தன் துணியை அவிழ்க்கிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றும். யாராக இருந்தாலும் கையைத் தட்டிவிடத்தான் செய்வார்கள். எதிரே நின்று இழுக்காதீர்கள். பக்கவாட்டில் நின்று, முகத்தைப் பார்த்துப் பேசி, என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத் தொடுங்கள். முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள். கால் மணி நேரம் கழித்து வந்தால் அதே வேலை சுலபமாக முடியும்.

குளியலுக்கு வருவோம். 'குளிச்சாச்சு' என்கிறவரிடம் 'எங்கே குளிச்சீங்க, பாருங்க உடம்பு நாறுது' என்று வாதம் செய்து ஜெயித்தவர் யாரும் இல்லை. ஆற்றில் குளித்துப் பழகின ஒரு தாத்தா வீட்டுக்குப் போய்வருகிறேன். சின்ன வயதிலிருந்து குறுக்குத்துறையில் குளித்தவர். பாத்ரூம் என்றால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் தாத்தா தோளில் துண்டைப் போடுவார், கையில் சோப்புப் பெட்டியைக் கொடுப்பார், 'குளிச்சிட்டு வாங்க, இட்லி எடுத்து வைக்கேன்' என்பார். அவ்வளவுதான். தோளில் துண்டு விழுந்ததும் தாத்தாவின் கால் தானாக நடக்கும். புறவாசல் கல்லில் உட்கார்ந்து, தானே செம்பில் மொண்டு ஊற்றுவார். முதுகை மட்டும் அந்த ஆச்சி தேய்த்துவிடுவார். அண்ணாச்சிக்கும் இப்படி ஒரு பழக்கம் இருந்திருக்கும். எத்தனை மணிக்கு, எந்தச் சோப்பு, எண்ணெய் தேய்த்தா, கிணற்றடியிலா ஆற்றிலா என்று நினைத்துப் பாருங்கள். ஆற்றுக்கே கூட்டிப்போக மட்டும் வேண்டாம், படித்துறைப் பாசியும் இழுப்பும் இந்த நிலையில் ஆபத்து.

ஷவரைத் திறக்காதீர்கள். தலைக்கு மேலிருந்து திடீரென்று விழுகிற தண்ணீர் அவர்களைப் பயமுறுத்தும். வழுக்காத பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வையுங்கள். துண்டு, மாற்றுச் சாரம் எல்லாவற்றையும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் விட்டுவிட்டு ஓடக் கூடாது. இடுப்பில் ஒரு துண்டு இருக்கட்டும், அதன் மேலேயே தண்ணீர் ஊற்றலாம், துண்டுக்கு அடியில் கையை விட்டுத் தேய்க்கலாம். முதலில் பாதம், பிறகு முழங்கால், கை, கடைசியில்தான் தலை. கொதிக்கிற வெந்நீர் வாளியை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்க வேண்டாம். விளாவிய பிறகு உங்கள் முழங்கையால் சூடு பாருங்கள். சாரல் காலத்தில் வெயில் ஏறின பிறகு 11 மணிக்குக் குளிக்க வைத்தால் போதும். சும்மா இருந்தால் அவர் கை தட்டிவிடப் போகும், அதனால் அதற்கு ஒரு வேலை கொடுங்கள். செம்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். துடைக்கும்போது கையில் ஒரு நூல் சிட்டத்தைக் கொடுத்துப் பாருங்கள். தறிக்காரரின் விரல், நூலைக் கண்டால் விடாது.

தினமும் தலையோடு குளித்தாக வேண்டும் என்று ஒன்றுமில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முழுக் குளியல் போதும். மற்ற நாளில் ஈரத் துணியால் துடைக்கலாம். ஆனால் முகம், அக்குள், தொடை இடுக்கு, ஆசனவாய், இவற்றைத் தினமும் கழுவியே ஆக வேண்டும். ஆணுறுப்பின் முன்தோலை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளிக் கழுவி, துடைத்து, மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அப்படியே விட்டுவிட்டால் வீங்கிச் சிக்கிக்கொள்ளும். இழுத்தால் வராத தோலைப் பலவந்தமாகத் தள்ளக் கூடாது. இதை எழுதக் கூச்சப்பட்டு யாரும் எழுதுவதில்லை. தெரியாமல் போய் ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். டெட்டால் ஊற்றிக் கழுவாதீர்கள், தோல் வெந்துபோகும். கழுவின இடத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். இடுக்குகளில் ஈரம் நிற்கக் கூடாது, நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் படை உடனே வந்துவிடும். பவுடரைக் கொட்டினாலும் அது ஈரத்தில் கட்டிதட்டி உறுத்தும்.

டயப்பர் பற்றி மகன் சொன்னது தப்பில்லை, நேரம்தான் இப்போது இல்லை. எழுந்து போய் இடம் தேடுகிறவருக்குப் பகலில் டயப்பரைக் கட்டினால், இருக்கிற பழக்கமும் போய்விடும். மாட்டிய மறுநிமிஷம் பிய்த்து எறியவும் செய்வார். பஸ் பயணத்துக்கும், தூக்கத்தில் நனைகிறது என்றால் இரவுக்கும், ஜட்டி போல ஏற்றிப் போடுகிற வகையை வாங்கிக்கொள்ளுங்கள். மலம் போனால் அந்த நிமிஷமே மாற்ற வேண்டும். மூத்திரம் என்றாலும் காலை வரை ஊற விடாதீர்கள், 3, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். மாற்றும்போதெல்லாம் இடுப்பெலும்பு, பிட்டம், குதிகால் இங்கெல்லாம் தடவிப் பாருங்கள். நம் மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் படுக்கைப்புண் தொடக்கத்தில் சிவப்பாகத் தெரியாமல் போகலாம். மற்ற இடத்தைவிடக் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருந்தால் அதுதான் தொடக்கம்.

மலத்தைச் சுவரில் பூசுகிற பிரச்சினை உங்களுக்கு இன்னும் வரவில்லை. வந்தால் அது வம்புக்குச் செய்வதில்லை என்று மட்டும் மனதில் வையுங்கள். பெரும்பாலும் மலச்சிக்கலின் உறுத்தலால் கையை விட்டு, கையில் என்ன என்று தெரியாமல் துடைப்பதுதான் அது. நகத்தை ஒட்ட வெட்டி வையுங்கள். கீரை, பழம், தண்ணீரால் மலம் இளகவில்லை என்றால் டாக்டரிடம் மருந்து கேளுங்கள். பல நாள் போகாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் வயிற்றுப்போக்கு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். இறுகின மலத்தைச் சுற்றிக்கொண்டு வருகிற கசிவாக இருக்கலாம்.

பல மணி நேரம் மூத்திரம் போகாமல் அடிவயிறு கல்லாக இருந்தாலோ, மூத்திரத்தில் ரத்தம் கண்டாலோ, குளிர்காய்ச்சலோ திடீர் மயக்கத் தூக்கமோ வந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

உங்களைப் பற்றி ஒரு விஷயம். 67 வயதில் ஓர் ஆளைத் தூக்கி உட்கார வைக்கிற வேலையை ஒற்றையாகச் செய்ய முடியாது, உங்கள் இடுப்பு போய்விட்டால் இரண்டு பேரையும் யார் பார்ப்பது? மகனிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். டயப்பர் வாங்கப் பணம் கொடுப்பதோடு அவர் வேலை முடியவில்லை. வாரத்தில் இரண்டு குளியல் அவருடையதாக இருக்கட்டும். அப்பாவும் மகனும் ஒன்றாக ஆற்றுக்குப் போயிருந்தால், மனைவியிடம் முரண்டு பிடிக்கிற அப்பா மகனிடம் இணங்கிப்போக வாய்ப்பு உண்டு. மருமகளிடமும் கோபப்படாதீர்கள். அடுக்களையில் சமைக்கிறவருக்கு அங்கணத்தில் மூத்திர வாடை என்றால் கஷ்டமாகத்தான் இருக்கும். பலகையைப் போட்டு மூடின பிறகு அவர் முகமும் மாறும் என்று நினைக்கிறேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிற செவிலியரும் பிசியோதெரபி ஆட்களும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அண்ணாச்சி பெயரைப் பதிந்து கேளுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். உங்களுக்கே மனசு தாங்கவில்லை என்று வருகிற ராத்திரிக்கு மனநல உதவி எண் 14416 இருக்கிறது, எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். மூத்திரப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். அதை வைத்து அடுத்து என்ன என்று பார்க்கலாம்.